ஆணின் பாட்டுக்கு இல்லாத தடை, பெண்ணின் எசப்பாட்டுக்கு மட்டும் ஏன்?

யாழினி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கடந்த ஓராண்டாக, தென்மாநிலங்களின் நாட்டுப்புறப் பாடல்களிலிருந்து வளர்ந்த அமெரிக்கக் கன்ட்ரி இசையைக் கால வரிசைப்படி கேட்டுவருகிறேன். 1952ஆம் ஆண்டுக்கு வந்து சேர்ந்தபோது, ஒரே மெட்டில் அமைந்த இரண்டு பாடல்கள் அடுத்தடுத்துக் கிடைத்தன. அன்றிலிருந்து வேறு எதையும் கேட்க மனம் ஓடவில்லை.

முதலாவது, ஹாங்க் தாம்ப்சன் பாடிய 'தி வைல்டு சைட் ஆஃப் லைஃப்'. தன்னை விட்டு மதுக்கூட வாழ்க்கைக்கே திரும்பிப் போய்விட்ட ஒருத்தியை நோக்கி ஒருவன் பாடுகிறான். கடிதம் எழுதினால் நீ படிக்கப்போவதில்லை, தொலைபேசியிலும் அழைக்காதே என்று சொல்லிவிட்டாய், அதனால் சொல்ல வேண்டியதைப் பாட்டாக எழுதியிருக்கிறேன் என்று தொடங்குகிறான். மதுக்கூடத்துத் தேவதைகளையும் கடவுள் படைத்திருக்கிறார் என்பது தெரியாமல் போயிற்றே, நீ மனைவியாக நிலைக்க மாட்டாய் என்பதை முன்பே உணர்ந்திருக்க வேண்டுமே என்பது அதன் பல்லவியின் பொருள்.

இரண்டாவது, அதற்கு எசப்பாட்டாகக் கிட்டி வெல்ஸ் பாடிய 'இட் வாஸன்ட் காட் ஹூ மேட் ஹாங்கி டாங்க் ஏஞ்சல்ஸ்'. நீ சொல்லும் அந்தத் தேவதைகளைக் கடவுள் படைக்கவில்லை, மணமான பின்பும் தங்களை மணமாகாதவர்களாகவே எண்ணிக்கொண்டு திரியும் ஆண்களால்தான் எத்தனையோ நல்ல பெண்கள் தடம் மாறினார்கள் என்று அவள் பதில் சொல்கிறாள்.

முதற்பாடல் 15 வாரங்கள் பில்போர்டு என்னும் இசை இதழின் கன்ட்ரி தரவரிசையில் முதலிடத்தில் இருந்திருக்கிறது. அதை யாரும் தடுத்ததாகத் தெரியவில்லை. இரண்டாவதை என்பிசி வானொலி ஒலிபரப்ப மறுத்தது. நாஷ்வில்லின் கிராண்ட் ஓல் ஓப்ரி என்ற கன்ட்ரி இசை நிகழ்ச்சியின் மேடையிலும் சிறிது காலம் அதைப் பாட இடம் தரவில்லை. ஆயினும் அதுவும் முதலிடத்தைப் பிடித்தது. கணவன் மனைவிக்கிடையே நேரும் துரோகத்தைத்தான் இரண்டும் பேசுகின்றன. ஒன்றுக்கு மட்டும் கதவை அடைத்தது எதனால்? அடைத்த பிறகும் அது வீடுகளுக்குள் எப்படிப் புகுந்தது? இந்த இசையை என்னைவிட நெடுங்காலமாகக் கேட்டு வருபவர்கள் விளக்கினால் மகிழ்வேன்.

இசைத்தட்டுப் பிரியன் எழுதியது:

வணக்கம் அம்மா. நல்ல இடத்தில் நின்று நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள். முதலில் ஓர் எண்ணத்தை விலக்கிவிட வேண்டும். மணத்துக்கு வெளியே உள்ள உறவைப் பாடியதுதான் குற்றம் என்றால், அது 1952இல் தொடங்கிய குற்றமே இல்லை. ஃபிளாய்டு டில்மன் எழுதிய 'ஸ்லிப்பிங் அரவுண்ட்' 1949இலேயே வந்துவிட்டது. மறைவாகச் சந்தித்துக்கொள்ளும் இருவரின் ஏக்கத்தைப் பாடும் அந்தப் பாட்டை மார்கரெட் வைட்டிங்கும் ஜிம்மி வேக்லியும் இணைந்து பாடியபோது அது கன்ட்ரி வரிசையில் 17 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. ஆகவே இந்தப் பொருள் கேட்பவர்களுக்கும் புதிதில்லை, வானொலிக்காரர்களுக்கும் புதிதில்லை. அதுவரை வந்த பாடல்களில் துரோகம் ஒரு துயரமாகவோ, அடக்க முடியாத ஆசையாகவோ, பெண்ணின் இயல்பாகவோ சொல்லப்பட்டது. கிட்டி வெல்ஸின் பாட்டில்தான் அதற்குப் பொறுப்பாளி யார் என்ற கேள்வி எழுந்தது. அந்தக் கேள்வியே வானொலிக்காரர்களை உறுத்தியது என்பது என் கருத்து.

அந்தக் காலச் சூழலையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஹாங்கி டாங்க் என்னும் மலிவான மதுக்கூடங்கள் 1933இல் மதுவிலக்கு நீங்கிய பிறகு டெக்சாஸ் போன்ற மாநிலங்களில், குறிப்பாக எண்ணெய் வயல்களை ஒட்டிய ஊர்களில், பெருகின. இரண்டாம் உலகப் போர் வந்தபோது கணவர்கள் கடல் கடந்து போனார்கள். மனைவியர் தொழிற்சாலைகளுக்குப் போய்ச் சொந்தச் சம்பளம் வாங்கினார்கள். போர் முடிந்ததும் இரு தரப்பும் பழைய வீட்டுக்குள் பழையபடி பொருந்தவில்லை. அமெரிக்காவில் மணமுறிவு விகிதம் 1946இல் அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது. அந்த வீடுகளில் இருந்தவர்கள்தான் சில ஆண்டுகள் கழித்து இந்த இரு பாடல்களையும் கேட்டவர்கள். ஆணின் தரப்பைச் சொல்லப் பத்துப் பாடல்கள் இருந்தன; பெண்ணின் தரப்பைச் சொல்ல ஏறக்குறைய எதுவுமே இல்லாத இடத்தில் இது வந்து விழுந்தது.

ஓப்ரியின் தயக்கத்துக்கு வேறொரு காரணமும் இருந்திருக்கும் என்று எண்ணுகிறேன். சனிக்கிழமை இரவுகளில் நடக்கும் அந்த நிகழ்ச்சியின் அரை மணி நேரப் பகுதியை 1939 முதல் என்பிசி நாடெங்கும் ஒலிபரப்பி வந்தது. விளம்பரத்துக்காக அதற்குப் பணம் கொடுத்தது ஒரு புகையிலை நிறுவனம். பணமும் அலைவரிசையும் வேறொருவர் கையில் இருக்கும்போது மேடைக்காரர்களின் துணிவும் அந்த அளவுக்குத்தான் இருக்கும்.

ஆனால் வானொலி மட்டுமே வழியாக இருந்த காலம் அது அன்று. ஒவ்வொரு மதுக்கூடத்திலும் சிற்றுண்டிக் கடையிலும் ஜூக்பாக்ஸ் இருந்தது. காசைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால் பாட்டு ஒலிக்கும். எந்த அதிகாரியும் குறுக்கே வர முடியாது. கடைகளில் விற்ற தட்டுகள், ஜூக்பாக்ஸில் ஓடிய தட்டுகள், வானொலி அறிவிப்பாளர்கள் ஒலிக்கவிட்ட தட்டுகள் என்று பில்போர்டு அப்போது தனித்தனி வரிசைகளை வெளியிட்டு வந்தது என்பதே அந்தப் பெட்டியின் வலிமைக்குச் சான்று. இந்தப் பாட்டின் முதல் வரியை மறுபடி கேட்டுப்பாருங்கள். அவள் உட்கார்ந்திருப்பதே ஜூக்பாக்ஸ் பக்கத்தில்தான்; அதில் ஆணின் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது; அதைக் கேட்டுக்கொண்டுதான் பதில் சொல்லத் தொடங்குகிறாள். அதே நிலையில் அதே இரவில் உட்கார்ந்திருந்த எத்தனையோ பெண்கள், அவன் பாட்டு முடிந்ததும் அடுத்த காசை அவள் பாட்டுக்குப் போட்டிருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

முதல் வெளியீட்டிலேயே 8 லட்சத்துக்கும் மேற்பட்ட தட்டுகள் விற்றன. 1952 ஆகஸ்டில் முதலிடத்துக்கு வந்து 6 வாரங்கள் அங்கே நின்றது. பில்போர்டின் கன்ட்ரி வரிசையில் தனித்துப் பாடிய ஒரு பெண் முதலிடம் பெற்றது அதுவே முதல் முறை. பொதுப் பாடல்களின் வரிசையிலும் 27ஆம் இடம் வரை போனது. அவ்வளவு விற்ற பிறகு ஓப்ரியும் வழிவிட்டது. கிட்டி வெல்ஸை அந்த ஆண்டே தன் உறுப்பினராகவும் சேர்த்துக்கொண்டது.

ஆறு தந்தி எழுதியது:

பிரியன் ஐயா சொன்னவற்றோடு முழுவதும் உடன்படுகிறேன். கிதார் வாசிப்பவன் என்ற முறையில் மெட்டைப் பற்றியும் குரலைப் பற்றியும் மட்டும் சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் இந்தப் பாட்டு பரவியதில் பாதிப் பங்கு அவற்றுக்கு உண்டு.

அந்த மெட்டு தாம்ப்சனுக்கும் சொந்தமில்லை, வெல்ஸுக்கும் சொந்தமில்லை. கார்ட்டர் குடும்பத்தார் என்ற இசைக்குழுவினர் 1929இல் பதிவுசெய்த 'ஐ'ம் திங்கிங் டுநைட் ஆஃப் மை புளூ ஐஸ்' என்ற காதல் ஏக்கப் பாடலின் மெட்டு அது. 1936இல் ராய் ஏகஃப் அதே மெட்டில் 'தி கிரேட் ஸ்பெக்கிள்டு பேர்டு' என்னும் கிறித்தவ பக்திப் பாடலைப் பதிவுசெய்தார். அது தென்மாநிலங்களின் வீடுகளில் பெரிதும் விரும்பிப் பாடப்பட்டது. ஆகவே 1952இல் இந்தப் பாட்டைக் கேட்ட ஒரு குடும்பத்தலைவிக்கு அந்த மெட்டு, அடுப்படியில் முணுமுணுத்துப் பழகிய மெட்டு. ஞாயிற்றுக்கிழமையின் நினைவோடு வரும் மெட்டு. 'கடவுள் படைக்கவில்லை' என்ற சொற்கள் பக்திப் பாடலின் ராகத்தில் ஏறி வரும்போது, அவை மதுக்கூடத்துச் சண்டையாக ஒலிப்பதில்லை. சாட்சி சொல்வதுபோல ஒலிக்கின்றன. எழுதியவர் இதை எண்ணிச் செய்தாரோ இல்லையோ, காதில் விழுவது அதுதான்.

இனி, குரல். அவர் கத்தவில்லை, தேம்பவும் இல்லை. சுரத்தை நேராகப் பிடித்து, மூக்கொலி சற்றே கலந்த தெளிவான குரலில், சமையலறையில் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே உண்மையைச் சொல்லும் ஒருத்தியைப்போலப் பாடுகிறார். பின்னால் ஸ்டீல் கிதார் தேம்புகிறது, ஃபிடில் தேம்புகிறது, அவர் மட்டும் தேம்புவதில்லை. குற்றம்சாட்டும் பாடலை இத்தனை அடக்கமாகப் பாடுவது எவ்வளவு கடினம் என்பது, நான் அதை ஒரு சிறு கூட்டத்தில் வாசிக்க, என் தங்கை பாட முயன்றபோதுதான் எனக்குப் புரிந்தது. அவள் பல்லவியில் கோபத்தை ஏற்றினாள். ஏற்றிய உடனே பாட்டு சிறுத்துப்போனது.

வாசுகி எழுதியது:

எல்லாரும் இந்தப் பாடலைப் பெண்ணின் குரல் என்று கொண்டாடுகிறீர்கள். எனக்கும் இதன் மீது மதிப்பு உண்டு. ஆனால் சில உறுத்தல்களைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இதை எழுதியவர் ஓர் ஆண். லூசியானாவின் கிரவுலி என்ற ஊரில் இசைத்தட்டுத் தொழில் நடத்திய ஜே. டி. மில்லர். தாம்ப்சனின் பாட்டு வெற்றிபெற்ற சூட்டோடு சூடாக அதற்குப் பதில் எழுதினால் விற்கும் என்பது அன்றைய தொழிலின் வழக்கம். பிரியன் ஐயா குறிப்பிட்ட 'ஸ்லிப்பிங் அரவுண்ட்' பாடலுக்கு டில்மன் தாமே 'ஐ'ல் நெவர் ஸ்லிப் அரவுண்ட் அகைன்' என்று மறுமொழி எழுதி வெளியிட்டிருக்கிறார். ஆகவே இதில் வணிகக் கணக்கு இருந்தது. பாடியவருக்கும் அப்போது பெரிய கொள்கை ஒன்றும் முன்னால் நிற்கவில்லை. 1949இல் ஆர்சிஏ விக்டர் நிறுவனத்துக்காக அவர் பாடிய தட்டுகள் விற்கவில்லை. 32 வயதில், மூன்று குழந்தைகளுக்குத் தாயாக, பாடுவதை ஏறக்குறைய விட்டுவிடும் நிலையில் இருந்தார். 1952 மே 3 அன்று நாஷ்வில்லின் காசில் ஸ்டுடியோவில் டெக்கா நிறுவனத்துக்காக இதைப் பாடப் போனபோது, பாட்டு ஓடாவிட்டாலும் பதிவுக்குக் கிடைக்கும் 125 டாலராவது மிஞ்சும் என்பதே அவர் எண்ணம். இதை அவரே பின்னாளில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

என் பெரிய உறுத்தல் பாட்டின் கடைசிப் பகுதியைப் பற்றியது. உடைந்த ஏறக்குறைய ஒவ்வோர் இதயத்துக்கும் தொடக்கம் முதலே ஓர் ஆண்தான் காரணம் என்று அது முடிகிறது. 'எல்லாப் பழியையும் பெண்கள் மேல் போடுவது வெட்கக்கேடு' என்று சரியாகத் தொடங்கிய வாதம், அதே பழியை அப்படியே தூக்கி எதிர்ப்பக்கம் வைத்துவிடுகிறது. அதைவிட முக்கியமாக, அந்தப் பெண் தானாக எதையும் தேர்ந்தெடுத்தவளாக இல்லை. அவளைக் கெடுத்தவன் ஆண், அவள் கெட்டுப்போனவள். ஆணின் பாட்டில் அவள் பாவி, இந்தப் பாட்டில் அவள் பலி. மதுக்கூடத்துக்குத் தன் விருப்பத்தால் போகும் ஒருத்திக்கு இரண்டு பாட்டிலுமே இடமில்லை.

யாழினி எழுதியது:

வாசுகி அக்கா, உங்கள் மறுப்பைப் படித்துவிட்டு இரண்டு நாட்கள் எழுதாமல் இருந்தேன். கடைசிப் பகுதியைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். அது வாதத்தில் தோற்கும் இடம்தான்.

ஆனால் தொடக்கத்தில் உள்ள ஒரு வரியை நாம் யாரும் இதுவரை கவனிக்கவில்லை. அந்த ஜூக்பாக்ஸ் பாட்டைக் கேட்கும்போது, தான் கணவனை நம்பியிருந்த மனைவியாக வாழ்ந்த நாட்கள் நினைவுக்கு வருகின்றன என்று அவள் சொல்கிறாள். அப்படியானால் இவள் யார்? தாம்ப்சனின் பாட்டில் வரும் ஓடிப்போன பெண்ணாக இவள் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. கணவன் வேறொருத்தியிடம் போனதால் வீடிழந்த மனைவியாக இருக்கலாம். அந்த மனைவி இன்று இரவு அதே மதுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். வீட்டில் இருந்த மனைவியும் மதுக்கூடத்துத் தேவதையும் வேறு வேறு இனம் என்றுதான் ஆணின் பாட்டு நம்மை நம்பவைத்தது. ஒருத்தி மனைவியாகப் பிறந்தவள், மற்றவள் அப்படி ஆகவே முடியாதவள் என்பதுதானே அவன் பல்லவி. இந்தப் பாட்டில் இருவரும் ஒரே நாற்காலியில் இருக்கிறார்கள். 'பலி' என்ற சொல் அவளுக்குப் பொருந்தும் என்றாலும், அந்த ஒரு வரியால் அவள் தன் கதையைத் தானே சொல்பவளாகவும் ஆகிவிடுகிறாள். வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்த மனைவியர், பழிக்கப்பட்ட அந்தப் பெண்ணிடம் தங்களையே அடையாளம் கண்டிருந்தால், அதை ஆபத்து என்று நிலையத்தார் எண்ணியது புரிகிறது.

ஆண் எழுதினார் என்பதைப் பற்றியும் ஒரு சொல். எழுதிய கை யாருடையதாக இருந்தாலும், அன்று ஓப்ரி மேடையில் வாயடைக்கப்பட்டவர் பாடிய பெண்தான். அந்த விலையை மில்லர் கொடுக்கவில்லை.

இசைத்தட்டுப் பிரியன் எழுதியது:

யாழினி அம்மா சுட்டிய வரி அருமையானது. பலமுறை கேட்டும் என் காதில் அது வழுக்கிப் போயிருக்கிறது.

வாசுகி அம்மா சொன்ன வணிகக் கணக்கைப் பற்றி ஒரு செய்தி. கணக்கு போட்டுத்தான் வெளியிட்டார்கள். ஆனால் விளைவு அவர்கள் கணக்கில் இல்லாதது. பெண் பெயரைத் தலைப்பில் போட்டால் கூட்டம் வராது, பெண்ணின் தட்டு விற்காது என்பது அன்றைய ஏற்பாட்டாளர்கள் கண்ணை மூடிக்கொண்டு சொன்ன சொல். இந்தப் பாட்டுக்குப் பிறகு அதைச் சொல்ல முடியவில்லை. 1953 தொடக்கத்திலேயே கோல்டி ஹில் என்ற பாடகி இன்னோர் எசப்பாட்டோடு முதலிடத்துக்கு வந்தார். அதே ஆண்டு ஜீன் ஷெப்பர்டு, ஃபெர்லின் ஹஸ்கியோடு சேர்ந்து, கொரியப் போரில் இருக்கும் காதலனைக் கைவிட்டு எழுதும் கடிதத்தைப் பாடலாக்கி முதலிடம் பெற்றார். 1960களில் லொரெட்டா லின் வந்து, கணவனை வளைக்கப் பார்ப்பவளை நேருக்கு நேர் நின்று எச்சரிக்கும் 'ஃபிஸ்ட் சிட்டி' போன்ற பாடல்களைத் தாமே எழுதித் தாமே பாடினார். வாசுகி அம்மா தேடும், தன் விருப்பத்தோடு பேசும் பெண்ணை அந்தப் பாடல்களில் காணலாம்.

கிட்டி வெல்ஸின் சொந்த வாழ்வும் இந்தப் பாடலின் புகழுக்குத் துணைநின்றது. அவர் மேடையில் அணிந்தது கட்டம் போட்ட பருத்தித் துணியில் தைத்த எளிய உடை. ஜானி ரைட் என்ற பாடகரை 1937இல் மணந்தார். 2011இல் கணவர் இறக்கும்வரை ஏறத்தாழ 74 ஆண்டுகள் அந்த மணவாழ்க்கை நீடித்தது. மறு ஆண்டு அவரும் 92 வயதில் மறைந்தார். துரோகத்தைப் பற்றிப் பாடியவரை நோக்கி, 'உன் யோக்கியதை என்ன' என்று எவரும் விரல் நீட்ட முடியவில்லை. இப்படிப்பட்ட தகுதியைப் பெண்ணிடம் மட்டும் எதிர்பார்த்த காலத்தை நான் நியாயப்படுத்தவில்லை; ஆனால் அந்தப் பாட்டு வீடுகளுக்குள் நுழைய அது உதவியது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் 2007ஆம் ஆண்டுக்கான தெரிவுகளுள் ஒன்றாக இந்தப் பதிவைச் சேர்த்திருக்கிறது.

வாசுகி எழுதியது:

யாழினி, அந்த ஒரு நாற்காலியைப் பற்றி நீ எழுதியதைப் படித்த பிறகு மறுபடி கேட்டேன். 'பலி' என்று நான் எழுதியதில் ஒரு பாதியைத் திரும்பப் பெறுகிறேன். கடைசிப் பகுதியின் மீதான குறை மட்டும் அப்படியே இருக்கிறது.

ஆறு தந்தி எழுதியது:

யாழினி, வரிசையாகக் கேட்டுவருவதால் ஒரு வேண்டுகோள். 1952இன் முடிவுக்கு வரும்போது வெப் பியர்ஸ் பாடிய 'பேக் ஸ்ட்ரீட் அஃபேர்' கிடைக்கும். அதுவும் முதலிடம் பெற்ற பாட்டு. மணமானவன், தான் விடுதலையானவன் இல்லை என்பதை அறியாமல் தன்னை நேசித்துவிட்ட இளம்பெண்ணைப் பார்த்துப் பாடுகிறான். ஊர் உன்னைத் தூற்றுகிறதே என்று வருந்துகிறான். அதற்கும் 1953இல் கிட்டி வெல்ஸ் எசப்பாட்டுப் பாடினார். முதல் பத்து இடங்களுக்குள் வந்தது. நீ மணமானவன் என்று என்னிடம் சொல்லவே இல்லையே என்று அவள் கேட்கிறாள். அவன் பாட்டில் 'நீ அறியவில்லை' என்று நிற்கும் சொல், அவள் வாயில் 'நீ சொல்லவில்லை' என்று மாறுகிறது. மெட்டும் கதையும் ஏறக்குறைய அப்படியே இருக்க, அந்த ஒரு வினைச்சொல்லில்தான் பொறுப்பு கைமாறுகிறது. முதலில் அவருடையதைக் கேட்டுவிட்டு, உடனே இவருடையதைக் கேளுங்கள்.